பல்லுப் பிடுங்கப் போன துப்பாக்கி

ஏனுங்க, நீங்களும் உள்ள கூப்பிடறதுக்குத்தான் உக்காந்திருக்கறீங்களா? பட்டா விசயமா? பட்டான்னா இன்னும் நேரமாகுமுங்க. காத்தால இருந்து பாக்கறேன், அந்த டவாலி கதவைத் தொறக்கறாரு, எட்டிப் பாக்கறாரு, மறுக்கா மூடிப்போடறாரு. சித்தெ இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. எனக்கு இடதுபக்கம் தாவாங்கட்டை இன்னும் வீங்கித்தான் கெடக்குது, அப்படித் திரும்பிப் பேசுனா இழுத்துப் புடிக்குது.

நான் துப்பாக்கி விசயமா வந்திருக்கறேனுங்க. பயந்துக்காதீங்க, இப்ப எங்கிட்ட இல்லை. இல்லாததுதான் விசயமே. லைசென்ஸ் துப்பாக்கிங்க. கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரிவால்வரு. அதை ஸ்டேசன்ல வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு, லைசென்ஸை ஏன் ரத்து பண்ணக்கூடாதுன்னு எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கறாங்க. இன்னைக்கு இங்க அதுக்குத்தான் விசாரணை. எதுக்கு? ஆரையாவது சுட்டேனா? மெரட்டுனேனா? பல்லுப் பிடுங்கப் போனேனுங்க. பல்லுப் பிடுங்கப் போனதுக்கு நோட்டீஸ். இந்தக் கொடுமையை எங்க போயிச் சொல்றது?

என்ற பேரு கிட்டுச்சாமி. பொள்ளாச்சிக்குத் தெக்க எங்களுக்குத் தோப்பு. எங்களுக்குன்னா எனக்கும் என்ற தம்பி பொங்கியண்ணனுக்கும். பாகம் பிரிச்சு வேலி போட்டாச்சு, ஆளுக்கொரு வூடு, ஆளுக்கொரு களம். கெணறு மட்டும் பொது. கெணத்தை எங்க கொண்டு போயிப் பிரிக்கறது? ஒரு நாள் அவன் மோட்டாரைப் போடோணும், மறுநாள் நான். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒரு கோடையில அவன்ற மொறையிலயும் நானே தண்ணியைப் பாய்ச்சிப்போட்டேன்னு ஒரு வம்பு. அவன்ற தென்னம்பிள்ளை காயுதாமா. ஏனுங்க, என்ற பிள்ளை மட்டும் காயாதா? மூத்தவன் ரெண்டு நாளு சேத்திப் பாய்ச்சுனா அது ஒரு குத்தமா?

அன்னைக்கு அவன் களத்துல தேங்கா உரிச்சுக்கிட்டு இருந்தான். கையில கடப்பாரை. என்னையப் பாத்து, "இனிக் கெணத்து மேட்டுக்கு வந்தீங்கன்னா பாத்துக்கங்க"ன்னு சொன்னான். பாத்துக்கங்கன்னா என்னங்க அர்த்தம்? கையில கடப்பாரை வேற இருக்குது. நேரா ஸ்டேசனுக்குப் போயி, என்ற உசுருக்கு என்ற தம்பியால ஆபத்துன்னு எழுதிக் குடுத்துப்போட்டேன். அவனைக் கூட்டிட்டுப் போயிப் பொழுது சாயற மட்டும் உக்கார வெச்சிருந்தாங்க. அதை வெச்சுத்தான் எனக்கு லைசென்ஸே கெடைச்சுது. ஆபத்து இல்லாதவனுக்கு ஆருங்க துப்பாக்கி குடுப்பாங்க?

அதுக்கப்புறம் எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை. நல்லது கெட்டதுக்குப் பாத்தாலும் அவன் அந்தப் பக்கம் திரும்பிக்குவான், நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். வேலிக்கு அக்கட்டால அவன் இருமுனாக்கூட எனக்குக் கேக்கும். இந்த மார்கழியில ரொம்ப இருமுனான். அது கெடக்குது விடுங்க.

துப்பாக்கியை நான் சுட்டதே இல்லைங்க. சுடறதுக்கா வாங்கறோம்? இந்தப் பச்சை பெல்ட்டு இருக்குது பாருங்க, இதுல பணம் வெக்கற பைக்குப் பக்கத்துல ஒரு பை தெச்சு அதுல வெச்சுக்குவேன். கல்யாண வூட்டுக்குப் போனா, வேட்டியைச் சரி பண்ணற சாக்குல சட்டையைச் சித்தெ தூக்குவேன். அவ்வளவுதான். "வாங்க வாங்க, மொதப் பந்தியிலயே உக்காருங்க"ன்னு எடத்தைக் காட்டுவாங்க. அதுக்கு முன்னால என்னைய ஆரு கண்டாங்க? பொங்கியண்ணனோட அண்ணன்னு சொன்னாத்தான் தெரியும். அவன் ஊருக்கெல்லாம் கூப்பிட்ட கொரலுக்கு ஓடறவன், அவனை எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கி வந்தப்புறந்தான் நான் கிட்டுச்சாமி ஆனேன்.

இப்பப் பல்லுக்கு வர்றேன். கடவாப் பல்லு. கடைசியில ஒண்ணு குறுக்க மொளைச்சு, அடியில சீழ் கட்டி, கன்னம் பன்னு மாதிரி ஆயிப்போச்சு. சோறு எறங்கலை, தூக்கமில்லை. டவுன்ல ஒரு பல் டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனாக் கண்டிசனான பேச்சு. படம் புடிச்சுப் பாத்துப்போட்டு, "எலும்பைக் கொஞ்சம் அறுத்துத்தான் எடுக்கோணும். நீங்க ஊசியைப் பாத்தாலே இந்த நடுங்கு நடுங்கறீங்க. கையில ஒரு மருந்து போட்டு அரை மயக்கத்துல வெச்சுப் பண்ணிக்கலாம்"னாங்க. நான் நடுங்கலைங்க. அந்த ரூமு ஏசி.

"அரை மயக்கம்னா?"ன்னு கேட்டேன்.

"கூப்பிட்டாப் பேசுவீங்க, வாயைத் தொறன்னாத் தொறப்பீங்க. ஆனா அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காது"ன்னாங்க.

நான் பேசுவேன், எனக்கே தெரியாதுன்னா அது என்ன வைத்தியம்? பகையாளி இருக்கற மனுசன் நெனவு தப்பிக் கெடக்கலாமுங்களா? சரி, கையில சாமான் இருக்குதே, பாத்துக்கலாம்னு போனேன்.

மொத நாளு, நெஞ்சுல ஏதோ ஒட்டறதுக்காக அந்த நர்சுப் பொண்ணு சட்டையைத் தூக்குச்சு. பெல்ட்டைத் தொட்டுப் பாத்துப்போட்டு, "என்னங்கய்யா, குடலெறக்கத்துக்குப் பட்டி கட்டியிருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. "இல்லம்மா, ரிவால்வரு"ன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? கையில இருந்த தட்டைக் கீழ போட்டுப்போட்டு ஓடிப்போச்சு.

டாக்டரம்மா வந்தாங்க. "இதை வெச்சுக்கிட்டு மருந்து போட முடியாதுங்க. மயக்கத்துல கை எங்க போகும்னு உங்களுக்கே தெரியாது. வெளிய உங்க சம்சாரம் உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்டக் குடுங்க"ன்னாங்க.

"லைசென்ஸ் என்ற பேருலங்க. சம்சாரத்துக்கு ஏது லைசென்ஸ்? சட்டமே தெரியாமப் பேசறீங்களே"ன்னேன். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மயிலாத்தாகிட்டக் குடுத்தா அதை வாழைப்பழத்தோட ஒரே பையில போட்டுக்கிட்டுக் காய்கறிக் கடைக்குப் போயிருவா.

"அப்பப் போலீஸ் ஸ்டேசன்ல குடுத்துட்டு வாங்க."

"குடுத்துட்டு, தோப்பு வரைக்கும் வெறுங்கையோட போறதா? எங்கூட்டுக்குப் பக்கத்து வூட்டுல ஆரு இருக்கறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிய வேண்டியதில்லை. வூட்டுல வெச்சுப் பூட்டிட்டு வாங்க, பல்லை எடுக்கறேன்"னு சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. வலியில துடிக்கறவனை வெளிய அனுப்பிச்சுப் போட்டாங்க. இதையெல்லாம் ஆராவது கேக்கறாங்களா? எனக்குத்தான் நோட்டீஸ்.

அப்புறம் வலி தாங்கலைங்க. செவுத்துல முட்டிக்கலாமான்னு இருந்துச்சு. மறுக்காப் போனேன். "வூட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. "ஆச்சுங்க"ன்னேன். பொய்தான். வூட்டுல வெச்சு நான் இங்க மயங்கிக் கெடந்தா, வேலியைத் தாண்டறதுக்கு அவனுக்கு எத்தனை நேரமாகும்? பெல்ட்டை முதுகுப் பக்கமாத் திருப்பிக் கட்டி, மேல பனியன், மேல சட்டை. சேர்ல சாஞ்சு படுத்தா ஆருக்குத் தெரியும்? மேல ஒரு பச்சைத் துணி வேற போத்தி விட்டாங்க. கையில ஊசி ஏறுச்சு. மேல எரிஞ்ச லைட்டு ரெண்டாத் தெரிஞ்சுது. அதோட செரி.

இனி நான் சொல்றது எனக்குத் தெரியாதுங்க. மயிலாத்தா சொன்னதும், அங்க வந்த ஸ்டேசன் எஸ்.ஐ. எழுதுனதும். நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அதுதான் இப்ப உள்ள மேசை மேல கெடக்குது.

நான் முதுகுல ஏதோ குத்துதுன்னு மொனகுனேனாமா. நெளிஞ்சு நெளிஞ்சு, கையைப் பின்னால விட்டு, துப்பாக்கியை உருவி நெஞ்சு மேல வெச்சுக்கிட்டேனாமா. நர்சுப் பொண்ணு செவுத்தோட ஒட்டி நின்னுக்குச்சு. டாக்டரம்மா மருந்தை நிறுத்திப்போட்டு, "ஐயா, அதை என்கிட்டக் குடுங்க"ன்னு மெதுவாக் கேட்டாங்களாமா. நான் மாட்டேன்னு தலையாட்டுனேனாமா. மயிலாத்தாளை உள்ள கூட்டிட்டு வந்திருக்கறாங்க. "ஏனுங்க, எங்கிட்டக் குடுங்க"ன்னு அவ அழுதிருக்கறா. அதுக்கும் தலையாட்டல். பிடுங்கலாம்னா, வெரலு விசை மேல இருக்குதோ என்னமோன்னு ஆருக்கும் தைரியமில்லை.

அப்ப நான் கேட்டனாமா. "பொங்கி எங்க? பொங்கியை வரச் சொல்லுங்க. அவன்கிட்டத்தான் குடுப்பேன்."

பாத்தீங்களா? இதை நம்பறீங்களா? நானு. அவனை. வரச் சொன்னனாமா!

மயிலாத்தா ஒடனே அவனுக்குப் போன் போட்டிருக்கறா. நான் அவளைக் கேட்டேன், "அவன் நம்பரு உங்கிட்ட எப்புடி வந்துச்சு?"ன்னு. அப்புறந்தான் விசயம் வெளிய வருது. இத்தனை வருசமா இவளும் அவன் பொண்டாட்டியும் வேலியோரமா நின்னு குழம்பு மாத்திக்கிட்டு இருந்திருக்கறாளுங்க. நான் சாப்பிட்டதுல எது எங்கூட்டுக் குழம்பு, எது அவனூட்டுக் குழம்புன்னு இனி எந்தக் காலத்துல கண்டுபுடிக்கறது? பகையாளியூட்டுச் சோத்தைத் தின்னிருக்கறேனுங்க. நெனைச்சா வவுறு எரியுது.

அவன் தோப்புல இருந்தவன் இருந்தபடியே வந்திருக்கறான். டவுசரு, காலெல்லாம் சேறு. அவன் வர்ற மட்டும் நான் துப்பாக்கியை விடலை. அதுக்குள்ள ஆஸ்பத்திரி மருந்துக்கடையில மாத்திரை விக்கற பையன் போலீசுக்குச் சொல்லி, எஸ்.ஐ.யும் வந்து கதவோரம் நின்னுக்கிட்டாரு. தம்பி உள்ள வந்ததும் நான் சிரிச்சனாமா. மயிலாத்தா சொல்றா, "உங்களுக்கு இப்புடிச் சிரிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க"ங்கறா. கட்டிக்கிட்டு வந்தவ பேசற பேச்சா இது?

அவன் கையில துப்பாக்கியை வெச்சுப்போட்டு நான் சொன்னனாமா, "பொங்கி, இதைப் பத்திரமா வெச்சுக்கடா. அவன் கையில சிக்கிரப் போவுது."

"ஆருங்கண்ணா?"ன்னு கேட்டிருக்கறான்.

"என்ற தம்பிதாண்டா. கடப்பாரை வெச்சிருக்கறான்."

"சரிங்கண்ணா. அவன் வந்தா நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க."

இதை ஒரு எழுத்து விடாம அந்த எஸ்.ஐ. எழுதி வெச்சிருக்கறாரு! அரைத் தூக்கத்துல ஒளறுனதையெல்லாம் எழுதற போலீசை நீங்க எங்கயாவது பாத்திருக்கறீங்களா? துப்பாக்கியை அவன்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாரு. டாக்டரம்மா, "இன்னைக்கு முடியாது, கூட்டிட்டுப் போங்க"ன்னாங்களாமா. அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "சீழோட எப்புடிங்க கூட்டிட்டுப் போறது, எங்கண்ணன் வலி தாங்கமாட்டாருங்க"ன்னு கெஞ்சியிருக்கறான். அப்புறந்தான் பல்லை எடுத்திருக்கறாங்க. எடுத்து முடிக்கற மட்டும் அவன் என்ற காலைப் புடிச்சுக்கிட்டே நின்னானாமா.

எனக்கு வூட்டுலதான் முழிப்பு வந்துச்சு. கன்னத்துக்குக் கீழ ஒரு துண்டு. தேங்கா நாரு வாசம். எங்கூட்டுத் துண்டு இல்லை. "ஆருதுடி இது?"ன்னு கேட்டேன், வாயெல்லாம் பஞ்சு, அவளுக்குப் புரியலை. தூக்கி வீசிப்போடலாம்னு நெனைச்சேன். அப்புறம் அந்தப் பக்கமே தலையை வெச்சுப் படுத்துக்கிட்டேன். வலி, வேற என்ன பண்ணறது?

இப்ப நோட்டீசைக் கேளுங்க. ஆஸ்பத்திரிக்குத் துப்பாக்கியோட போனது ஒரு குத்தம். சரி, எசகு பிசகா நடந்துபோச்சு, மாப்புக் கேட்டுக்கலாம். லைசென்ஸ் இல்லாதவன் கையில குடுத்தது ஒரு குத்தம். மயக்கத்துல குடுத்தது, வக்கீல் பேசிக்குவாரு. மூணாவதுதாங்க எனக்குப் பொறுக்கலை. "எந்தத் தம்பியால உசுருக்கு ஆபத்துன்னு துப்பாக்கி வாங்குனாரோ, அந்தத் தம்பியை வரச் சொல்லி அவர் கையிலயே துப்பாக்கியை ஒப்படைச்சிருக்கறாரு. அதனால இவருக்கு ஆபத்து எதுவும் இல்லை." எழுதியிருக்கறான் பாருங்க! எனக்கு ஆபத்து இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?

வக்கீல்கிட்டப் போனேன். அவரு படிச்சுப்போட்டுச் சிரிச்சாரு. அப்புறம், "ஒரே வழிதானுங்க. உங்க தம்பியே வந்து, ஆமாங்க, எனக்கு இன்னும் எங்கண்ணன் மேல பகை இருக்குது, விடமாட்டேன்னு அதிகாரி முன்னால சொன்னா லைசென்ஸ் நிக்கலாம். ஆனா அவரு மேல கேஸ் திரும்பும். ஜாமீன், வாராவாரம் ஸ்டேசன்ல கையெழுத்துன்னு அலைய வேண்டி வரும். எவன் வந்து சொல்லுவான்?"ன்னாரு.

நான் போனேனுங்க. வேற என்ன பண்ணறது? இத்தனை வருசம் கழிச்சு அவன் வூட்டுப் படி ஏறுனேன். அவன் பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கலை, உள்ள போயி, கொழைய ஆக்குன அரிசிம்பருப்புச் சோத்தை மசிச்சு நெய்யூத்திக் கொண்டாந்து வெச்சா. மெல்ல முடியாதுன்னு அவளுக்கு எப்புடித் தெரியும்? வேலியோர ஒப்பந்தம்தான்.

நான் சாப்பிட்டுக்கிட்டே விசயத்தைச் சொன்னேன். கேஸ் வரும்ங்கறதையும் மறைக்கலைங்க, சொல்லிப்போட்டேன்.

அவன், "சரிங்கண்ணா. ஸ்டேசனு முந்தியே ஒருக்கா உக்காந்த எடந்தானுங்க"ன்னான். அப்புறம், "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"ன்னான். அவ்வளவுதான். மறுப்பே சொல்லலை. ஏன் மறுக்கலைன்னு எனக்குப் புரியலைங்க. ஒரு கோவம் வேண்டாமா? "உனக்குத் துப்பாக்கி வேணும்கறதுக்கு நான் ஜெயிலுக்குப் போகோணுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவனோட இதுதானுங்க ரோதனை.

நேத்து முழுக்கக் களத்துல நிக்க வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். "வெட்டிப்போடுவேன்னு சொல்லு"ன்னா, "வெட்டிப்போடுவேனுங்க"ங்கறான். "ங்க போடாதடா"ன்னா, சரிங்கங்கறான். மொறைச்சுப் பாருன்னா, கண்ணைச் சுருக்கிக்கிட்டு என்ற கன்னத்தைப் பாக்கறான், வீக்கம் வத்தியிருக்குதான்னு. நாளைக்கு ஒரு அழுக்கு லுங்கியைக் கட்டிக்கிட்டுக் கெரகம் புடிச்சவனாட்டம் வாடான்னேன். காத்தால நெத்தி நெறையத் துண்ணூறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, மொபட்டோட வந்து வாசல்ல நிக்கறான். "பஸ்சுல வந்தாக் குலுக்குமுங்க, உக்காருங்க, மெதுவாப் போலாம்"ங்கறான். எங்களைப் பாத்து எந்த ஆபீசரு நம்புவாரு, சொல்லுங்க. இந்த லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு ஊருக்குள்ள என்னங்க இருக்குது? கல்யாண வூட்டுல ஓரத்துல நிக்கோணும். கிட்டுச்சாமியா, பல்லுப் பிடுங்கப் போயித் துப்பாக்கியைத் தொலைச்சவனாம்பாங்க.

அந்தா, வர்றான் பாருங்க. அவன்தான். கையில டீ. எனக்குச் சூடு ஆகாதுன்னு ரெண்டு டம்ளரை வெச்சு ஆத்திக்கிட்டே நடந்து வர்றான். இத்தனை பேரு பாக்க! இந்த மனுசன்தான் என்னையக் கொல்லப் போறவன்னு நான் உள்ள போயிச் சொல்லோணும். எங்க போயி முட்டிக்கறது?

டேய், கூப்பிட்டுப்போட்டாங்க. டீயை அப்பறம் பாத்துக்கலாம், அங்க வெய்யி. ரெண்டு பேரையுந்தான் கூப்பிடறாங்க. கையைப் புடிக்காத, நானே எந்திரிச்சுக்குவேன். வாயோரத்துல எச்சிலு ஒழுகுதா? தொடைக்காதடா, பாக்கறாங்க. சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குதா? தள்ளி நில்லு. இன்னும் தள்ளி நில்லு. என்ன கேட்டாலும் என்ற மூஞ்சியைப் பாக்காதே, செவுத்தைப் பாத்துச் சொல்லு. அப்புறம், பொங்கி, எது வேணும்னாலும் சொல்லிக்க, உள்ள வெச்சு என்னைய அண்ணான்னு மட்டும் கூப்பிட்டுப்போடாதடா.